களியக்காவிளைப் பிரெஞ்சு

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையோரம், எங்கள் பக்கத்தில், பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மார்க். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பொறியியல் கட்ஆஃப் போடும்போது மொழிப்பாட மதிப்பெண் கணக்கில் வராது. கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று விடிந்தால் அடைந்தால் டியூஷனுக்கு ஓடுகிற பிள்ளைக்கு, செய்யுள் மனப்பாடமும் நெடுவினாவும் இல்லாத ஒரு மொழித்தாள் கிடைத்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பெற்றோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்து அண்ணன்மார், அக்காமார் மார்க் ஷீட்டும் அதைத்தான் சொல்கிறது.

என் ஆதங்கம் அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றியது. இரண்டு வருடம் படித்து, நூற்றுக்கு நெருங்கி மார்க் வாங்கி, பள்ளியை விட்டு வெளியே வருகிற பிள்ளையிடம் உன் பெயர் என்ன, எந்த ஊர் என்று பிரெஞ்சில் கேட்டால் பதில் வராது. வினைச்சொல் அட்டவணையைத் தாளில் அழகாக எழுதும். மொழிபெயர்ப்புப் பத்தியைப் பிழையில்லாமல் எழுதும். வாய் மட்டும் திறக்காது. பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. அவர்களுக்குப் பிரெஞ்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழிதான் சுற்றுவழியாக இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு, ஆங்கிலத்திலிருந்து பிள்ளைக்கு என்று பாடம் வருகிறது. நேராகத் தமிழிலிருந்து போனால் பாதித் தூரம் மிச்சம். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை என்று இரண்டு மொழிக்கு நடுவே வளர்கிற பிள்ளைகளுக்கு அதைவிடவும் மிச்சம். இதை ஊகமாகச் சொல்லவில்லை. சாயங்காலங்களில் என் வீட்டுத் திண்ணையில் நடக்கிற வகுப்பில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

நானும் இதே பக்கத்தில் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்தவள்தான். தொண்ணூறுகளின் கடைசி. மொத்தம் 1200 மார்க், மொழிக்கு 200 இருந்த காலம். பள்ளி பெயர் வேண்டாம். வகுப்பில் ஒரு தடவைகூட நாங்கள் பிரெஞ்சு பேசிக் கேட்டதில்லை. கேசட் இல்லை, வானொலி இல்லை. வருடம் முழுக்க விடை எழுதிப் பழகினோம். கல்லூரி முடித்துத் திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போன பிறகு அங்குள்ள அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையத்தில் திரும்பவும் அரிச்சுவடியிலிருந்து சேர்ந்தேன். தம்பானூரில் பஸ் பிடித்து இரவில் எல்லை தாண்டி வீடு வந்து சேரும் வழியெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது: இந்த மொழி பல இடங்களில் நம்மைப் போலவே யோசிக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குத் தூக்கம், எனக்குக் குளிர், எனக்குப் பயம், எனக்கு வெட்கம், எனக்குப் பதினைந்து வயது. இத்தனையையும் பிரெஞ்சுக்காரர் 'ஜே' என்று தொடங்கிச் சொல்வார்: ஜே ஃபேன் (கடைசி ன் மூக்கில் போய்விடும்), ஜே ஸுவாஃப், ஜே ஸொம்மேய், ஜே ஃப்ருவா, ஜே பர், ஜே ஓந்த், ஜே கேன்ஸ் ஆன். 'ஜே' என்றால் 'என்னிடம் உண்டு' என்று பொருள். பசி என்னிடம் உண்டு, வயது பதினைந்து என்னிடம் உண்டு. தமிழில் 'எனக்கு' நிற்கிற இடத்தில் பிரெஞ்சில் 'ஜே' வந்து நிற்கிறது. ஆங்கிலம் இதையெல்லாம் 'ஐ ஆம்' என்று சொல்கிற மொழி. அதனால் ஆங்கிலம் வழியாக வருகிற பிள்ளை, நான் பசியாக இருக்கிறேன், நான் பதினைந்தாக இருக்கிறேன் என்று பிரெஞ்சில் எழுதிவைக்கும். ஆசிரியர் சிவப்பு மையில் அடிப்பார். பிள்ளை அதை விதிவிலக்கு என்று ஒரு பட்டியலில் எழுதி மனப்பாடம் செய்யும். தமிழிலிருந்து நேராகப் பார்த்தால் அங்கே விதிவிலக்கு எதுவுமே இல்லை. 'எனக்கு' வருகிறதா, அப்படியானால் 'ஜே' போட்டுப் பார் என்று சொன்னால் போதும். பத்து நிமிடத்தில் முடிகிற பாடம்.

உடம்பு விஷயமும் இப்படித்தான். எனக்குத் தலை வலிக்கிறது என்போம். என்னுடைய தலை வலிக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். தலை வேறு யாருடையதாக இருக்கும்? பிரெஞ்சுக்காரரும் அப்படியே: ஜே மால் ஆ லா தெத். 'என்' என்ற சொல் அதில் கிடையாது. கை கழுவினேன் என்பதற்கும் 'என் கை' என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் படித்த பிள்ளை ஒவ்வொரு உறுப்புக்கும் முன்னால் 'மை' தேடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'இல் ஃபோ'. நம் 'வேண்டும்' என்ற சொல்லின் நடத்தையைக் கொஞ்சம் பாருங்கள். நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவள் போக வேண்டும். ஆள் மாறினாலும் அது மாறாது. அதே சொல் பொருளோடும் வரும்: எனக்கு ஒரு பேனா வேண்டும். 'இல் ஃபோ' அச்சு அசல் இதுதான். எந்த ஆளுக்கும் மாறாத சொல், ஒரே வடிவம். இல் ஃபோ பார்த்தீர் என்றால் போக வேண்டும். இல் ம ஃபோ ஆன் ஸ்தீலோ என்றால் எனக்கு ஒரு பேனா வேண்டும். 'ம' என்பது 'எனக்கு'. இதை 'இட் இஸ் நெசஸரி' என்று ஆங்கிலத்தில் விளக்கும் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுக்கிறோம். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எதிர்மறையில் 'இல் ந ஃபோ பா' என்றால் 'வேண்டாம்' ஆகாது, 'கூடாது' ஆகிவிடும். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிடிக்கும், பிடிக்காது என்பதற்கும் ஒரு வழி உண்டு. ஸ ம ப்லே என்றால் அது எனக்குப் பிடிக்கும். பிடித்த பொருள் எழுவாயாக நிற்க, 'எனக்கு' நடுவில் வரும், நம் ஊர்ப்படியே. அன்றாடப் பேச்சில் 'ஜெம்' என்று நேராகச் சொல்வதுதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முன்னதையும் பிள்ளை தயங்காமல் சொல்லும், ஏனென்றால் அதன் எலும்புக்கூடு தமிழ்.

இனி எங்கள் ஊர்த் தமிழுக்கு வருகிறேன். விளவங்கோட்டுப் பக்கத்தில் 'என்னுடைய பேனா' என்று யாரும் பேச மாட்டார்கள். 'எனக்க பேனா' என்பார்கள். யாருடையது என்று கேட்க 'ஆருக்க'. இந்தத் தமிழை வெளியூரில் பேசினால் மலையாளத்தமிழ் என்று கேலி செய்வார்கள். சென்னைக்கோ கோவைக்கோ படிக்கப் போன பிள்ளைகள் முதல் மாதத்திலேயே 'எனக்க'வை விட்டுவிடுவார்கள். பள்ளியில்கூட அதைத் திருத்துவார்கள். ஒரு நாள் திண்ணையில் யாரோ மறந்து வைத்த பேனாவைத் தூக்கிக் காட்டி, 'ஸே தா கீ?' என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. 'ஆ' என்றால் 'க்கு', 'கீ' என்றால் 'யார்' என்று மட்டும் சொன்னேன். கழுவன்திட்டையிலிருந்து வருகிற ஒரு பெண் பிள்ளை, எப்போதும் சுவரோரம் உட்காருகிறவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"மிஸ், அப்போ ஆருக்க பேனான்னு கேக்கியளா?"

"ஆமா மக்களே. ஆருக்க பேனா?"

"எனக்க பேனா மிஸ்!"

"அதையே சொல்லு. ஸே தா முவா."

சொன்னாள். உச்சரிப்பும் நன்றாக இருந்தது. பிரெஞ்சில் பேச்சுவழக்கில் ஒரு பொருள் யாருடையது என்று சொல்லும்போது 'எனக்கு' என்பதன் வடிவத்தைத்தான் வைக்கிறார்கள். பாடப்புத்தகத் தமிழின் 'என்னுடைய'வைவிட எங்கள் ஊர் 'எனக்க' அதற்குக் கிட்டத்தில் இருக்கிறது. கேலிக்குப் பயந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்த பேச்சு ஒரு வெளிநாட்டு மொழிக்குச் சாவியாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த நிமிடத்தை நான் பார்த்தேன். அதற்கப்புறம் அவள் சுவரோரம் உட்காரவில்லை.

என் வகுப்புக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் படிப்பவர்கள் என்னை 'மிஸ்' என்பார்கள், பாறசாலை, இஞ்சிவிளைப் பிள்ளைகள் 'டீச்சர்' என்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பிரெஞ்சு வெவ்வேறு இடத்தில் எளிது, வெவ்வேறு இடத்தில் கடினம். எல்லையோரத்தில் பாடம் நடத்துகிற எவரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம், வந்தார்கள். ஆளுக்கு ஒரு விகுதி. மலையாளத்தில் எல்லோருக்கும் ஒரே 'வன்னு'தான், விகுதி எப்போதோ உதிர்ந்துவிட்டது. அதனால் பிரெஞ்சு வினை அட்டவணையைக் காட்டினால் தமிழ்ப் பிள்ளை அசையாது. ஆளுக்கு ஒரு முடிவு என்பது அதற்குப் பிறவியிலேயே தெரியும். மலையாளம் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. ஆனால் பேச ஆரம்பித்ததும் நிலைமை மாறுகிறது. பிரெஞ்சில் அந்த முடிவுகளில் பல எழுத்தில் மட்டும்தான். 'பேசு' என்ற வினையில் நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் எழுத்து ஒன்றுபோல இல்லாவிட்டாலும் காதில் 'பார்ல்' என்ற ஒரே ஒலிதான். நாங்கள் என்றால் 'பார்லோன்', நீங்கள் என்றால் 'பார்லே', அவ்வளவே. ஆகவே யார் பேசுகிறார்கள் என்பதை 'ஜ', 'த்யு', 'இல்' என்று முன்னால் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்ப் பிள்ளை 'வந்தேன்' என்று மட்டும் சொல்லிப் பழகியது, அதனால் பிரெஞ்சிலும் 'நான்' என்பதை விழுங்கிவிடும். மலையாளப் பிள்ளை 'ஞான் வன்னு' என்று ஆளைச் சொல்லியே பழகியது, அது ஒருபோதும் விடாது. எழுதும்போது தமிழ் கை கொடுக்கிறது, பேசும்போது மலையாளம் கை கொடுக்கிறது. நான் இவர்களை ஜோடி ஜோடியாக உட்கார வைப்பதற்கு இதுதான் காரணம்.

பால் விஷயத்தில் பாறசாலைப் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றால் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்காது. உயிரில்லாத பொருள் அஃறிணை, அதற்கு ஏது ஆணும் பெண்ணும் என்று கேட்கும். நியாயமான கேள்வி. கேரளப் பள்ளியில் பிள்ளைகள் இந்தி படிக்கிறார்கள். இந்தியிலும் மேசைக்கும் நாற்காலிக்கும் பால் உண்டு. பொருளுக்குப் பால் இருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு முன்பே பழகிவிட்டது. தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை, அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வர வழியில்லை. அதற்காக இந்தி படித்துவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லின் வாலைப் பார் என்பேன். 'ஸியோன்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்பால், 'மான்' என்று முடிகிற பெயர்ச்சொல் பெரும்பாலும் ஆண்பால், 'ஆஜ்' என்று முடிவதும் பெரும்பாலும் ஆண்பால். மற்றதையெல்லாம் சொல்லோடு சேர்த்து 'லா தாப்ல்', 'ல லீவ்ர்' என்று ஒட்டியே படிக்க வேண்டும். இங்கே தமிழில் குறுக்குவழி கிடையாது.

மூக்கொலியில் நிலைமை தலைகீழ். போன், வேன், வான் போன்ற பிரெஞ்சுச் சொற்களில் கடைசி ன் தனியாக நிற்பதில்லை, உயிரெழுத்தே மூக்கு வழியாகப் போகும். பாடப்புத்தகங்கள் இதற்கு நாக்கு, அண்ணம் என்று படம் போடும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே பேசுகிற தமிழைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'மரம்' என்று எழுதினாலும் பேச்சில் உதடு மூடாது, கடைசி மூக்கில் கரைந்துவிடும். 'அவன்', 'வந்தேன்' எல்லாமே அப்படித்தான். அந்தப் பிள்ளைகளிடம் 'மரம்' என்று வீட்டில் சொல்வதுபோலச் சொல், அந்தக் கடைசி ஒலியை 'ப'வுக்குப் பின்னால் ஒட்டு என்றால் 'போன்' சரியாக வந்து விழுகிறது. மலையாளத்தில் 'மரம்' என்றால் உதட்டை மூடி முழு ம். பாறசாலைப் பிள்ளை 'போம்' என்றோ 'போங்' என்றோதான் முதலில் சொல்லும். அதற்கு நான் பக்கத்தில் இருக்கிற தமிழ்ப் பிள்ளையின் வாயைப் பார்க்கச் சொல்வேன். கண்ணால் பார்த்தால் உதடு மூடாதது தெரியும்.

ஒலியில் இன்னொரு விஷயம் எல்லோருக்கும் பொது. பிரெஞ்சு எழுத்தில் 'டி' (T) என்று நாம் வாசிக்கிற எழுத்தின் ஒலி நம் 'த'. நாக்கு பல்லில் தட்ட வேண்டும். ஆங்கில அரிச்சுவடியில் அதை 'ட' என்று பழகியதால் பிள்ளைகள் 'டாபிள்', 'டெட்' என்று நாக்கை மடக்குகிறார்கள். 'த' போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி உச்சரிப்பு சீராகிவிடும். தமிழிலும் மலையாளத்திலும் 'த'வும் 'ட'வும் தனித்தனி எழுத்து. இது நம் இரண்டு மொழிக்கும் கிடைத்த வரம், அதை வகுப்பறை வாசலில் கழற்றி வைக்கச் சொல்வது எனக்குப் பொறுக்காது. 'ர'வுக்கும் 'யு'வுக்கும் மட்டும் நம்மிடம் ஒன்றும் இல்லை. 'ர' தொண்டையில் உரச வேண்டும். 'யு'வுக்கு 'இ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'உ' மாதிரி குவிக்க வேண்டும். பழகப் பழகத்தான் வரும்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்த பிள்ளைக்குப் புணர்ச்சி தெரியும். காசு, இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால் காசில்லை. உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும். பிரெஞ்சிலும் 'ஜ'வுக்குப் பின்னால் 'ஏ' வந்தால் 'ஜே', 'லா'வுக்குப் பின்னால் 'ஏகோல்' வந்தால் 'லேகோல்'. முன்னால் நின்ற உயிர் ஓடிவிடுகிறது. மணி, அடித்தது சேரும்போது இரண்டு உயிர் முட்டாமல் நடுவில் ஒரு ய் வருவதை உடம்படுமெய் என்று படித்திருக்கிறோம். பிரெஞ்சில் 'இல் ஆ' என்பதைக் கேள்வியாகத் திருப்பும்போது 'ஆ', 'இல்' இரண்டும் முட்டும் என்று நடுவில் ஒரு 'த்' வைத்து 'ஆதில்' என்பார்கள். பொருளில்லாத, ஒலிக்காக மட்டும் வந்த மெய். இதை உடம்படுமெய் என்று நான் கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், மகிழ்ச்சியில். தமிழ் இலக்கணம் பரீட்சையோடு முடிந்துபோன சரக்கு என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள். அதனால்தான் பதினொன்றில் பிரெஞ்சுக்காகத் தமிழை விடுவது எனக்கு உறுத்துகிறது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. அதனால் இப்போது பிரெஞ்சுக்கு வருகிற பிள்ளை பத்து வருடத் தமிழோடு வருகிறது. இந்தக் கையிருப்பைப் பிரெஞ்சு வகுப்பு தொடுவதே இல்லை.

ஊமை எழுத்துக்களைப் பற்றிப் பிள்ளைகள் நிறையக் கோபப்படுவார்கள். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, இது என்ன மொழி என்பார்கள். நான் 'வந்திருக்கிறார்கள்' என்று எழுதி, இதை வீட்டில் எப்படிச் சொல்வாய் என்று கேட்பேன். எழுத்து பழைய பேச்சைப் பிடித்துவைத்திருக்கும், வாய் முன்னால் போய்விடும். பிரெஞ்சிலும் நடந்தது அதுதான். ஒரு காலத்தில் உச்சரித்த கடைசி மெய்கள் வாயிலிருந்து போய், எழுத்தில் தங்கிவிட்டன. எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு என்று வாழ்கிற நமக்கு இதைப் புரியவைக்க ஆங்கிலம் தேவையே இல்லை. நீ, நீங்கள் என்பதும் அப்படித்தான். 'த்யு' நீ, 'வூ' நீங்கள், அது மரியாதைக்கும் பன்மைக்கும் பொது, வினையும் பன்மையில் வரும். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். இதில் பாறசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு தயக்கம் உண்டு. மலையாளத்தில் பெரியவரை 'நிங்ஙள்' என்று கூப்பிடுவது அவ்வளவு மரியாதையாக இருக்காது, சார், சேச்சி, சேட்டன் என்றுதான் சொல்வார்கள். அதனால் 'வூ' என்று என்னைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுவார்கள். தமிழ் 'நீங்க'வை நினைத்துக்கொள் என்பேன்.

எண்களைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். எழுபதுக்கு 'அறுபது-பத்து', எண்பதுக்கு 'நான்கு-இருபது', தொண்ணூற்றேழுக்கு 'நான்கு-இருபது-பத்து-ஏழு'. கேட்டதும் தலையில் கை வைப்பார்கள். தொண்ணூறில் ஏன் நூறு இருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஏன் ஆயிரம் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். மலையாளத்திலும் அதே கதை. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் 'செப்தாந்த்', 'நோனாந்த்' என்று நேரான சொற்கள் உண்டு என்று சொன்னால், நாங்கள் அங்கேயே போய்க்கொள்கிறோம் என்பார்கள்.

தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் பிள்ளைகளை ஒரு முறை கூட்டிப்போயிருந்தேன். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் படையில் இருந்து பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவனாக ஆன டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. 1777-இல் இறந்தவர். கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. அவர் வேலை பார்த்தது டச்சுக்காரரிடம், பெயர் என்னவோ பிரெஞ்சு வடிவம். அந்தக் கடைசி 'ஆய்' பிரெஞ்சு வாயில் 'உவா' ஆகும், 'முவா' மாதிரி. கல்லறைக்கு முன்னால் நின்று பிள்ளைகள் 'லனுவா, லனுவா' என்று சொல்லிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்ற பெரியவர் என்ன மக்களே ஜெபமா என்று கேட்டார்.

நவம்பர் 1 எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். அதே நவம்பர் 1, 1954-இல்தான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்தது. விடுமுறை நாள் வகுப்பில் இதைச் சொல்வது என் வழக்கம். தமிழர் வாயில் பிரெஞ்சு புதிதாக நுழைந்த மொழி இல்லை என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதியபோது பிரெஞ்சுப் பெயர்களையும் பதவிகளையும் தமிழ் எழுத்தில்தான் எழுதினார். ஆங்கிலம் நடுவில் இல்லை.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்றால், காலம் மாறியிருக்கிறது. கனடா 2023-இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தன் குடியேற்றத் திட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்த பிறகு, மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த பழைய மாணவர்கள் என்னிடம் திரும்பி வருகிறார்கள். நர்சிங் முடித்தவர்கள், ஐடி வேலையில் இருப்பவர்கள். பள்ளியில் இரண்டு வருடம் படித்த மொழியை முதலிலிருந்து தொடங்குகிறார்கள், பணமும் நேரமும் செலவழித்து. பிரெஞ்சு மொழித் தகுதிக்கான டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் 25, 25 மார்க். மொத்தம் 50 எடுத்தாலும் எந்த ஒன்றிலாவது 5-க்குக் கீழே போனால் தேறாது. ஆரம்ப நிலையிலேயே தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து ஐந்து முதல் ஏழு நிமிடம் பேசியாக வேண்டும். பிளஸ் டூவில் இதில் பாதிகூட வேண்டாம், பேச்சுக்குப் பத்து மார்க் ஒதுக்கினால் போதும். அடுத்த வருடமே வகுப்பறையில் பிள்ளைகளின் குரல் கேட்க ஆரம்பிக்கும். ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பார்கள். மனப்பாட விடைக்குப் போகிற நேரத்தை இதற்குத் திருப்பினால் நேரம் இருக்கும்.

நான் தமிழில் ஒரு தொடக்கநிலைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'எனக்கு', 'வேண்டும்', புணர்ச்சி, மூக்கொலி நான்கு பகுதியும் ஓரளவு முடிந்துவிட்டது. பிரெஞ்சில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'கி', 'க' என்று தொங்குகிற வாக்கியங்களில் நிற்கிறேன். 'நேற்று வந்த பையன்' என்று தமிழில் எல்லாம் முன்னாலேயே வந்துவிடும், பிரெஞ்சில் 'பையன், யார் நேற்று வந்தானோ' என்று பின்னால் போகிறது. தமிழிலிருந்து இதற்கு நேர்வழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. புதுச்சேரி, காரைக்கால் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அந்தப் பகுதியை உங்கள் வழியிலேயே போடுகிறேன்.